பெட்டி எங்கே உட்காரப் போகிறது? ராஸ்பெர்ரி பை கிட் வாங்குமுன் போட்ட கணக்கு

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாளே அக்கா மகன் மதுரையிலிருந்து போன் செய்தான். "மாமா, எனக்கு ராஸ்பெர்ரி பை கிட் ஒண்ணு வாங்கித் தர்றீங்களா?"

எதுக்குடா என்றேன். "சும்மா, செஞ்சு பார்க்கத்தான்."

பின்னாலிருந்து அக்காவின் குரல். "தண்ணித் தொட்டி ரொம்பினா சத்தம் போடுற மாதிரி ஏதாவது பண்ணச் சொல்லுடா. மாடியில வழிஞ்சு தினம் பக்கத்து வீட்டுல பேச்சு வாங்குறேன்."

வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எதை வாங்குவது என்று முடிவெடுக்கப் பத்து நாள் ஆனது. மருமகன் கேட்டதும் அக்கா கேட்டதும் ஒரே பொருள் போலத் தெரிந்தாலும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. அவனுக்கு வேண்டியது மேசைமேல் வைத்துப் பிரித்துப் பூட்டி, கெடுத்து, மறுபடி சரிசெய்ய ஒரு விளையாட்டுக் களம். அக்காவுக்கு வேண்டியது ஒருமுறை மாட்டினால் அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத ஒரு மணி. கடையில் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பெட்டியைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ராஸ்பெர்ரி பை என்பது ஏடிஎம் கார்டு அளவுள்ள ஒரே போர்டில் அடங்கிய முழுக் கணினி. கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் அவரது கூட்டாளிகளும் மாணவர்கள் கையில் மலிவான கணினி ஒன்று இருக்கவேண்டும் என்று உருவாக்கியது. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அப்போது அதில் 256 எம்பி மெமரிதான். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மாட்டினால் லினக்ஸ் ஓடும். ஓரத்தில் வரிசையாக நிற்கும் 40 பின்களில் விளக்கு, சென்சார், பஸ்ஸர் என்று எதையும் இணைக்கலாம். கிட் என்று விற்பது இந்தப் போர்டையும் அதைச் சுற்றியுள்ள சாமான்களையும்தான்.

முதலில் கண்ணில் பட்டது எல்லாம் உள்ளடங்கிய பெரிய பெட்டி. போர்டு, கேஸ், அடாப்டர், மெமரி கார்டு, பற்றவைக்காமலே ஒயர்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டு, ஜம்பர் ஒயர், எல்இடி, கூடவே "37 சென்சார்" என்று அட்டையில் பெரிதாக அச்சடித்த ஒரு டப்பா. பரிசாகக் கொடுக்க இதைவிடப் பொருத்தமானது இல்லை. பிறந்தநாளுக்குத் திறந்தால் பையன் முகம் மலரும்.

நானும் சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு பெட்டியைத்தான் ஆசையாக வாங்கினேன். முப்பத்தேழில் நான் பயன்படுத்தியது ஆறு. மீதி இன்னும் பிளாஸ்டிக் உறையிலேயே கிடக்கிறது. சோம்பல் ஒரு காரணம்; அதைவிடப் பெரிய காரணம் வேறு. அந்த சென்சார்களில் பாதி ஆர்டுயினோ என்ற வேறொரு வகைப் போர்டுக்காகச் செய்தவை. வெளிச்சம், மண் ஈரம், வாயு என்று அளவைக் கூட்டிக் குறைத்துச் சொல்லும் சென்சார்கள் அனலாக் மின்னழுத்தமாகத்தான் சொல்லும். ராஸ்பெர்ரி பையில் அனலாக் உள்ளீடே கிடையாது. அந்த அழுத்தத்தை எண்ணாக மாற்றும் எம்சிபி3008 போன்ற ஒரு சிப்பை நடுவில் வைத்தால்தான் படிக்க முடியும். பெட்டியில் அந்தச் சிப் இல்லை.

இன்னொன்று, பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சாரோ தன் பதிலை 5 வோல்ட்டில் அனுப்பும். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு அதை மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கவேண்டும். கூட வந்த சிறு புத்தகத்தில் அந்தப் படமே இல்லை. நேராகச் செருகினேன். அந்தப் பின் அன்றோடு வாய்மூடிவிட்டது.

புத்தகத்தைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். பெட்டிக்குள் அச்சாகி வரும் வழிகாட்டிகள் சீக்கிரம் பழசாகிவிடும். 2022 ஏப்ரலில் இயங்குதளத்திலிருந்து பழைய பொதுப் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் எடுத்துவிட்டார்கள். முதல்முறை திறக்கும்போது நாமே வைத்துக்கொள்ள வேண்டும். பழைய புத்தகத்தைப் பார்த்துத் தட்டுகிற பையன் முதல் திரையிலேயே மாட்டிக்கொள்வான். பை 5-இல் பின்களைக் கவனிப்பதற்கு ஆர்பி1 என்று தனிச் சிப் வந்ததால், பழைய பாடங்களில் முதல் வரியாக இருக்கும், பின்களை இயக்கும் பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ லைப்ரரி அதில் வேலை செய்யாது. ஜிபிஐஓ ஜீரோ என்ற இன்னொரு லைப்ரரி வழியாக எழுதினால் ஓடும். பதினாலு வயதுப் பையன் நிரல் தப்பா, ஒயர் தப்பா, புத்தகம் தப்பா என்று மூன்றையும் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அடுத்து கீபோர்டுக்குள்ளேயே கணினி இருக்கும் மாடல். 2020 நவம்பரில் வந்த பை 400, 2024 டிசம்பரில் வந்த பை 500. மவுஸ், அடாப்டர், கார்டு, எச்டிஎம்ஐ கேபிள், புத்தகம் எல்லாம் சேர்ந்த தொகுப்பும் உண்டு. டிவியில் செருகினால் கணினி தயார். உள்ளே கீபோர்டு அகலத்துக்கு ஒரு உலோகத் தகடு சூட்டை வாங்கிக்கொள்வதால் விசிறியும் இல்லை, சத்தமும் இல்லை. வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைக்கு, பள்ளி வேலையும் பைத்தான் நிரல்மொழியும் போதும் என்றால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இதில் பூட்டுவதற்கு ஒன்றுமில்லை. "செஞ்சு பார்க்கத்தான்" என்றவனிடம் செய்து முடித்த பொருளைக் கொடுப்பது, கொழுக்கட்டை பிடிக்க ஆசைப்பட்ட குழந்தைக்கு அவித்த தட்டை நீட்டுவது போல. பின்கள் பின்பக்கம் இருப்பதால் பட்டை கேபிள் ஒன்று வாங்கி முன்னால் இழுக்கவேண்டும். கேமரா செருகும் இடமும் இல்லை. தொட்டி வேலைக்கு இதை மாட்டினால் கீபோர்டும் சுவரோடு போய்விடும்.

மிச்சமிருப்பது தனித்தனியாக வாங்குவது. நான் சென்னையில் இருப்பதால் இது எனக்குச் சுலபம். மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை போட்டால் போர்டு முதல் பத்து பைசா அளவு ரெசிஸ்டர் வரை கிடைக்கும். இணையத்திலும் எல்லாம் உண்டு. மொத்தம் கூட்டினால் பெட்டியைவிட மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஆகாது. விலையை ரூபாயில் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். 2025 கடைசியில் மெமரி சிப் விலை ஏறி, போர்டுகளின் விலையையும் ஏற்றிவிட்டது. தனித்தனியாக வாங்குவதில் உள்ள நன்மை வேறு. எதில் காசைக் கொட்டுவது, எதில் பிடிப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

எல்லோரும் போர்டில்தான் கொட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

போர்டுகளைப் பார்ப்போம். மூன்று போர்டு போட்டிக்கு நின்றது. 2021-இல் வந்த பை ஜீரோ 2 டபிள்யூ, 2019-இல் வந்த பை 4, 2023-இல் வந்த பை 5.

ஜீரோ 2 டபிள்யூ அறிமுக விலை 15 டாலர். சூயிங்கம் பாக்கெட் அளவு. விலையைப் பார்த்து மயங்கக்கூடாது. 512 எம்பி மெமரியில் பிரவுசரைத் திறந்தால் மூச்சு வாங்கும். எச்டிஎம்ஐ துளை மினி, யுஎஸ்பி துளை மைக்ரோ, மின்சாரத்துக்கானதை விட்டால் அதுவும் ஒன்றே ஒன்று. கீபோர்டும் மவுஸும் மாட்ட ஒரு மாற்று கேபிள், ஒரு ஹப், திரைக்கு ஒரு கன்வர்ட்டர் என்று சேர்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சாதாரண மாடலில் பின்களும் பற்றவைத்து வராது. 40 பின்னுக்கும் நாமே ஈயம் வைக்கவேண்டும். சால்டரிங் கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்புதான். ஆனால் முதல் சால்டரிங்கை ஓடுகிற கணினியின்மேல் பழகக்கூடாது. ஐம்பது ரூபாய் டாட் போர்டில், அதாவது வெறும் துளைகள் மட்டும் உள்ள பலகையில், நாலு நாள் பழகிவிட்டு வரட்டும்.

பை 5 வேகத்தில் ராஜா. பவர் பட்டன் வந்துவிட்டது, நேரம் காட்டும் கடிகாரத்துக்கு பேட்டரி வைக்க இடம் உண்டு, எஸ்எஸ்டி மாட்ட வழி உண்டு. மருமகன் கேட்டதும் இதைத்தான். வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் அடாப்டர். அதற்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். வீட்டில் 65 வாட் லேப்டாப் சார்ஜர் இருக்கிறதே, இது 27 வாட்தானே என்று தோன்றும். அந்தச் சார்ஜர் 65 வாட்டைத் தருவது 20 வோல்ட்டில். 5 வோல்ட்டுக்கு இறங்கினால் பெரும்பாலும் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். பை 5 அதிலும் ஓடும். ஆனால் யுஎஸ்பி துளைகள் நான்குக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் என்று தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டினால் திணறும். மதுரையில் அடாப்டர் புகைந்துபோனால் பக்கத்துக் கடையில் 5 ஆம்பியர் அடாப்டர் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பை 4-க்கு 3 ஆம்பியர் போதும். ஹெட்போன் துளையும் அதில் உண்டு. பை 5-இல் எடுத்துவிட்டார்கள். பாட்டுக் கேட்கிற வயது, அது அவனுக்கு முக்கியம்.

இப்போது காசைக் கொட்டவேண்டிய இரண்டு இடங்கள்.

ஒன்று, மின்சாரம். போர்டுக்குள் நுழையும் அழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி எட்டிப்பார்க்கும். என் பழைய பெட்டியில் அது வராத நாளே இல்லை. போன் சார்ஜரும் நூல் மாதிரி மெலிந்த கேபிளும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். கேபிளிலேயே அழுத்தம் இறங்கிவிடும். கணினி மெதுவாகும், திடீரென்று மறுபடி பூட் ஆகும், நாம் நிரலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் சொந்த அடாப்டர் 5.1 வோல்ட் தருவது கேபிளில் இழப்பதை முன்கூட்டியே ஈடுகட்டத்தான். கேபிளும் அதோடு சேர்ந்தே வரும். நம் ஊர் சாக்கெட்டுக்கு ஏற்ற முள்ளா என்று மட்டும் பார்த்து வாங்கவேண்டும்.

இரண்டு, மெமரி கார்டு. இயங்குதளமே அதில்தான் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எழுதிய கோப்பு மட்டும் கெடுவதில்லை. கார்டுக்குள் இருக்கும் சிப் தன் வசதிக்காகத் தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அறுந்தால் நாம் தொடாத கோப்பும் போகும். கோடையில் நம் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை முறை மின்சாரம் கண்ணடிக்கிறது என்று சொல்லவேண்டியதில்லை. போலி கார்டு தனிக்கதை. ஒரு கடையில் நான் வாங்கிய 64 ஜிபி கார்டு உண்மையில் 8 ஜிபிதான். ஒன்பதாவது ஜிபியை எழுதும்வரை அது 64 என்றே சாதித்தது. வாங்கியவுடன் கார்டு முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. அரை நாள் ஓடும், ஓடட்டும். வேகத்துக்கு ஏ1 முத்திரை போட்ட 32 ஜிபி போதும்.

இந்த இரண்டையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பணத்துக்கு எந்தப் போர்டு வருகிறதோ அதை வாங்கலாம் என்று முடிவு செய்தேன். வந்தது 2 ஜிபி பை 4. 8 ஜிபி வேண்டுமென்று அவன் இழுத்தான். பைத்தானும், கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்சும், பின்களும் என்றால் 2 ஜிபி தாராளம். பத்து டேப் திறந்து வைப்பவர்களுக்குத்தான் 4. கேஸ் மட்டும் அலுமினியத்தில், போர்டின் சிப்பைத் தொட்டுக்கொண்டு முழு உடலும் சூட்டை வெளியேற்றும் வகை. 80 டிகிரியைத் தொட்டால் பை 4 தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில், மூடிய பிளாஸ்டிக் கேஸுக்குள், அந்த 80 அத்தனை தூரத்தில் இல்லை.

வேறு போர்டுகளைப் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். பார்த்தேன். ஆரஞ்சு பை போன்றவை அதே காசுக்கு அதிக வேகமும் மெமரியும் தருகின்றன. பெரியவர்கள் வாங்கலாம். சிக்கல் வரும்போது, அதே சிக்கலில் ஏற்கெனவே மாட்டித் தீர்த்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் பையனுக்கு முக்கியம். அந்தக் கணக்கில் ராஸ்பெர்ரி பை பக்கத்தில் யாரும் வரமுடியாது.

பழைய அலுவலக மினி கம்ப்யூட்டரை வாங்கிக்கொடு என்று நண்பர் ஒருவர் சொன்னார். கணினியாக மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. நாள் முழுக்க ஓடினால் அது 10 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாத பில்லில் 14 யூனிட். பை 4 சும்மா இருக்கும்போது 3 வாட் என்றால் 4 யூனிட். வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் அதில் 40 பின் கிடையாது. அத்தோடு பேச்சு முடிந்தது.

மேசைக்கான பெட்டி முடிவாகிவிட்டது. தொட்டிக்கு?

இங்கேதான் நான் முதலில் தப்பாக யோசித்தேன். அதே பை 4-ஐ மாடிக்குப் பக்கத்தில் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். அது அங்கே போனால் பையனுக்குக் கணினி இல்லை. கரண்ட் போய்ப்போய் வரும் இடத்தில் கார்டு என்றைக்காவது ஒருநாள் போகும். கார்டில் எதையும் எழுதாமல், எழுதுவதையெல்லாம் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் ஓவர்லே அமைப்பு இருக்கிறது. போட்டுவிட்டால் கார்டு பிழைக்கும். இருந்தாலும் இன்னொரு தடை. தொட்டிக்கு மேலே மாட்டும் அல்ட்ராசோனிக் சென்சார், ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்துதான் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோ விநாடி. லினக்ஸ் ஒரே நேரத்தில் நூறு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால், பதில் வந்த கணத்தைச் சில சமயம் தாமதமாகத்தான் கவனிக்கும். தண்ணீர் அசையாமல் நிற்கும்போதே அளவு நாலு சென்டிமீட்டர் ஏறி இறங்கும்.

அதே நிறுவனத்தின் பிகோ டபிள்யூ இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கிறது. 2022-இல் 6 டாலருக்கு வந்தது. இது கணினி இல்லை, ஒரே ஒரு நிரலை மட்டும் ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர். இயங்குதளமும் கிடையாது, கார்டும் கிடையாது. கரண்ட் வந்ததும் நிரலை முதலிலிருந்து தானே ஓட்டத் தொடங்கிவிடும். 1.8 முதல் 5.5 வோல்ட் வரை எதிலும் ஓடும் என்பதால் மாடிவரை நீளும் ஒயரில் கொஞ்சம் அழுத்தம் இறங்கினாலும் அசராது. வைஃபை வழியே அளவை அனுப்பும். நிரல் அதே பைத்தானின் சின்னத் தம்பி. பை 4-இல் உட்கார்ந்து எழுதி இதற்குள் ஏற்றலாம். இதன் பின்களும் 3.3 வோல்ட்தான், ஆகவே அந்த இரண்டு ரெசிஸ்டர் இங்கேயும் வேண்டும். இந்த முறை நானே ஒரு தாளில் படம் வரைந்து பெட்டிக்குள் வைத்தேன்.

சென்சாரும் மாறியது. திறந்த எச்சி-எஸ்ஆர்04 தொட்டிக்குள் ஆவி பட்டே செத்துவிடும். ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் போலத் தண்ணீர் புகாத தலையுள்ள ஜேஎஸ்என் வகை வாங்கினேன். அதற்கு இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருப்பது தெரியாது. அதனால் நிறைந்த தண்ணீர் மட்டத்துக்கு மேல் அவ்வளவு இடைவெளி விட்டு மாட்டவேண்டும்.

"மோட்டாரையே அதுவா ஆஃப் பண்ண வெச்சிடலாம்ல மாமா, ரிலே போதும்." வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். கிட்டில் வரும் நீல நிற ரிலேயில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். ஒரு எச்பி மோட்டார் கிளம்பும் நொடியில் இழுப்பது ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமலே போகலாம். அதற்கு மோட்டாரின் இழுப்பைத் தாங்கும் கனமான ரிலேயான கான்டாக்டர் வேண்டும், எலக்ட்ரீஷியன் வேண்டும். 230 வோல்ட் ஒயரில் பள்ளிப் பையன் கை வைக்கக்கூடாது. அவன் வேலை பஸ்ஸரோடு நிற்கட்டும், சுவிட்சை அக்கா அணைத்துக்கொள்வாள்.

ஆக, பை 4, நல்ல அடாப்டர், சோதித்த கார்டு, அலுமினியக் கேஸ், ஒரு பிகோ, ஒரு சென்சார், பஸ்ஸர், பிரெட்போர்டு, கொஞ்சம் ஒயர். கீபோர்டும் மவுஸும் அவர்கள் வீட்டு ஓடாத டெஸ்க்டாப்பிலிருந்து. திரைக்கு டிவி. பை 4-இல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ என்பது பஸ் ஏற்றியபிறகு ஞாபகம் வந்து, அந்தக் கேபிளைத் தனியாகக் கூரியரில் அனுப்பியதையும் சொல்லிவிடுகிறேன்.

பூட்டி முடிக்க அவனுக்கு மூன்று நாள். தொட்டியில் மாட்டி ஒரு வாரம் கழித்து, கொளுத்தும் மத்தியானத்தில் போன் செய்தான்.

"மாமா, யாரும் மோட்டார் போடல. ஆனா காலையில இருந்ததைவிட இப்ப தண்ணி ரெண்டு சென்டிமீட்டர் ஏறியிருக்குன்னு காட்டுது. சென்சார் போச்சா?"

"சூட்டுல சத்தம் வேகமா ஓடுமா, மெதுவா ஓடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். சாயங்காலம் ரிச்சி ஸ்ட்ரீட் போய் டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் ஒன்றும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வாங்கி வந்திருக்கிறேன். அவன் பதில் சொன்னதும் அனுப்பவேண்டும்.